கோணிக்குள் கட்டிய மோட்டார்

சேசு மரி சூசை துணை
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
4 செப்டம்பர் 1932

அன்புள்ள டொமினிக் அண்ணனுக்குத் தங்கை மகதலேனா எழுதுவது.

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, குழந்தை பாக்கியம் இப்போதுதான் தூங்கினாள். இங்கே மூவரும் சுகம். நீங்களும் சாந்தமேரி அண்ணியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஆட்குறைப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள் அல்லவா. போன சனிக்கிழமை இவர் பெயரும் பலகையில் வந்துவிட்டது. இந்தியாவுக்கு இலவசக் கப்பல் டிக்கெட் தருகிறார்களாம். நவம்பர் முப்பதுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அங்கே இவருக்கு யார் இருக்கிறார்கள்? தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சித்தப்பா. இவர் மூன்று வயதில் பார்த்த முகம். நான் இரண்டு வருடம் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்ததோடு சரி, அந்த ஊரைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது.

கிள்ளான் பாசாரில் கடை வைத்திருக்கும் அப்துல் ரஹ்மான் பாய் ஒரு வழி சொல்கிறார். புலாவ் கெத்தாம் தீவுக்கு அரிசியும் துணியும் அனுப்ப அவருக்குப் படகு இருக்கிறது, மோட்டார் இல்லை. துடுப்புப் போட்டுப் போய்வர அரை நாள் ஆகிறதாம். “மோட்டாரோட வாங்க தம்பி, மாசச் சம்பளம் போட்டுத் தர்றேன்” என்று இவரிடம் சொல்லியிருக்கிறார்.

உங்கள் மரக்கால் வீட்டுக்கடியில் அப்பாவின் மோட்டார் இரண்டு வருடமாகச் சும்மா கிடக்கிறது. இவர் ஃபிட்டர், பிரித்து ஓட்டிக் காட்டுகிறேன் என்கிறார். அப்பாவைக் கொண்டுபோன மோட்டாரில் இவரை ஏற்றிவிட எனக்கும் பயம்தான். கப்பலில் ஏறுவதற்கு அதைவிடப் பயமாக இருக்கிறது. நீங்கள் சரி என்றால் இந்த மாதமே இவர் அங்கே வருவார்.

இன்னொன்று. அப்பாவின் எஞ்சின் எண்ணெய் வரும் சிவப்பு டின் காலியாக ஏதாவது இருந்தால் அனுப்புங்கள். பாக்கியத்துக்குத் தேய்க்கிற எண்ணெய் வைக்க அதைப் போல வராது. மூடி இறுக்கம், எறும்பு ஏறாது.

அண்ணிக்கு என் அன்பு.
மகதலேனா

*

போர்ட் சுவெட்டன்ஹாம்
13 செப்டம்பர் 1932

அன்புள்ள தங்கை லேனாவுக்கு, அண்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு வேலை போனது கேட்டு மனம் சங்கடப்பட்டது. இங்கேயும் வார்ஃபில் கப்பல் குறைந்துவிட்டது. நாங்கள் மூட்டை எண்ணுகிற நேரத்தைவிட ஈ ஓட்டுகிற நேரம் அதிகம். உன் அண்ணி பதினொரு கோழி வளர்க்கிறாள், அதில் ஏழு அடைகாக்கிறது. போன வாரம் உடும்பு வந்து இரண்டைத் தூக்கிப்போனது. அண்ணி அதைத் துடைப்பத்தோடு ரயில் பாதை வரை துரத்திப்போன கதையை நேரில்தான் சொல்ல வேண்டும். கோவில் கூரை மாற்றுகிறார்கள். மழை விட்டபாடில்லை.

மோட்டார் சரிப்படாது. உப்புத் தின்றுவிட்டது. அதை விட்டுவிடுங்கள்.

சிவப்பு டின் இல்லை. பிஸ்கட் டின் ஒன்று அனுப்புகிறேன். அதில் வைத்துக்கொள்.

குழந்தைக்கு என் முத்தம்.
அண்ணன் டொமினிக்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
18 செப்டம்பர் 1932

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். பிஸ்கட் டின் வந்தது, மறுநாளே எறும்பும் வந்தது.

கோழிக்கும் உடும்புக்கும் ஒரு பக்கம், மோட்டாருக்கு மூன்று வாக்கியமா? உங்கள் கடிதத்தை இவரிடம் வாசித்துக் காட்டினேன். “உப்புத் தின்ன மோட்டாரு எவ்வளவோ பாத்திருக்கேன், பிரிக்காம எப்படித் தெரியும்? மச்சானுக்கு மோட்டாரைப் பத்தி என்ன தெரியும், மூட்டை எண்ணத்தானே தெரியும்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் ஒன்றை ஒளிக்கும்போது வேறு எதையாவது நிறையப் பேசுவீர்கள். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு அம்மாவிடம் அரைமணி நேரம் புகைவண்டியைப் பற்றிப் பேசினவர்தானே நீங்கள்.

நேராகவே கேட்கிறேன். மோட்டாரை விற்றுவிட்டீர்களா? விற்றிருந்தால் சொல்லிவிடுங்கள், பங்கு கேட்டு வரமாட்டேன். அந்த மோட்டார் சம்பாதித்ததில்தான் அப்பா என்னைப் படிக்க அனுப்பினார். அது போய்விட்டதென்றால் போய்விட்டது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா இறந்த வாரத்தில் உங்கள் வீட்டில் சாமான்கள் காணாமல் போனதும் நினைவுக்கு வருகிறது. பிள்ளைக்குக் காய்ச்சி வைத்த எண்ணெயைக்கூட டின்னோடு காணோம். அண்ணியைக் கோபித்துக்கொண்டேன், பாவம். வீட்டில் அப்போது யார் யாரோ வந்து போனார்கள்.

பதிலை எதிர்பார்க்கிறேன்.
மகதலேனா

*

போர்ட் சுவெட்டன்ஹாம்
9 அக்டோபர் 1932

அன்புள்ள லேனாவுக்கு,

சுகம். பதில் தாமதமானதற்குக் காரணம் வேலை. மோட்டாரை விற்கவில்லை. மாப்பிள்ளை அதைத் தொட வேண்டாம். வேலை கிடைக்கும்வரை நீங்கள் மூவரும் இங்கே வந்து எங்களோடு இருங்கள். இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடலாம். கப்பலுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். மோட்டாரைப் பற்றி மட்டும் இனி எழுதாதே.

அண்ணன்

*

போர்ட் சுவெட்டன்ஹாம்
12 அக்டோபர் 1932

நாத்தனார் மகதலேனாவுக்கு அண்ணி சாந்தமேரி எழுதுவது. கோழி, மனுசர் எல்லாரும் சுகம்.

நான் எழுதுவது உங்கள் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தால் வீட்டில் மழை மட்டும் பெய்யாது, இடியும் சேர்ந்து விழும்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. மோட்டார் இங்கேதான் இருக்கிறது. வீட்டுக்கடியில் கோணிக்குள் வைத்து, கயிறு போட்டு, கயிற்றுக்கு மேல் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார். போன வருடம் சீனப் பட்டறைக்காரன் ஒருவன் வந்து, விலைக்குக் கொடு, பிரித்துப் பாகம் எடுத்துக்கொள்கிறேன் என்றான். நல்ல விலைதான் சொன்னான். இவர் அவனைத் தெருவரைக்கும் விரட்டினார். “அதைப் பிரிக்கிறவன் கையை ஒடிப்பேன்” என்றார். ஈயை அடிக்க யோசிக்கிற மனுசர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டேன். “உனக்குத் தேவையில்லாத விஷயம், போய்ச் சோத்தப் போடு” என்றார்.

உங்களுக்காவது சொல்லுவாரோ என்று பார்த்தேன். எனக்கென்னவோ மனம் சரியாக இல்லை. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

சாந்தமேரி

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
23 அக்டோபர் 1932

அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. பத்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

மோட்டாரை விற்கவும் மாட்டீர்கள், பிரிக்கவும் விடமாட்டீர்கள். அப்படியானால் பிரித்தால் தெரிந்துவிடக்கூடிய ஏதோ ஒன்று அதற்குள் இருக்கிறது. வேறு எப்படி நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா போவதற்கு முதல் நாள் உங்களுக்கும் அவருக்கும் சண்டை. நான் பாக்கியத்தைப் பெற்று ஒன்பதாம் நாள், உள்ளறையில் படுத்திருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. “இந்த வயசுல கடலுக்குப் போகாதீங்க, மோட்டாரை வித்துத் தொலைங்க” என்றீர்கள். “உன் சம்பளத்துல குந்திச் சாப்பிடச் சொல்றியா” என்றார் அப்பா. “அந்த மோட்டாரு ஓடாமப் போனாத்தான் உங்களுக்குப் புத்தி வரும்” என்று நீங்கள் சொன்னீர்கள். மறுநாள் அது ஓடாமல் போயிற்று. ஆற்று முகத்துவாரத்தில் மோட்டார் நின்று, நீரோட்டம் இழுத்து, புயல்மழையில் படகு கவிழ்ந்தது. மோட்டாரோடு படகைக் கரையில் கண்டெடுத்தார்கள். அப்பாவை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள்.

அதை என்ன செய்தீர்கள் அண்ணா? பயமுறுத்தத்தான் செய்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் ஏதோ செய்தீர்கள்.

நவம்பர் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் இவர் கருவிப்பெட்டியோடு வருகிறார். தடுத்தால் காரணத்தைச் சொல்லித் தடுங்கள்.

மகதலேனா

*

போர்ட் சுவெட்டன்ஹாம்
1 நவம்பர் 1932

லேனாவுக்கு,

கேட்டாய், சொல்கிறேன். அந்த மோட்டாருக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும் என்று உனக்குத் தெரியும். ஒரு டின் பெட்ரோலுக்கு ஒரு பால் டின் எண்ணெய். கலக்காவிட்டால் உள்ளே உராய்ந்து இறுகிவிடும். முதல் நாள் மாலை நான்தான் பெட்ரோல் ஊற்றினேன். கோபத்தில் எண்ணெய் கலக்க மறந்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. பாவம் என்னுடையது.

இதை மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. இனி அவர் வந்து பிரித்துப் பார்க்க எதுவும் இல்லை. நாளை கல்லறைத் திருநாள். அப்பாவுக்கு உன் பெயரிலும் மெழுகுவர்த்தி வைக்கிறேன்.

டொமினிக்

*

போர்ட் சுவெட்டன்ஹாம்
8 நவம்பர் 1932

அன்புள்ள மகதலேனாவுக்கு ரபேல் எழுதுவது.

நான் நலம். நீயும் குழந்தையும் கதவைச் சரியாகத் தாழிட்டுப் படுங்கள்.

உன் அண்ணன் எண்ணெய் கலக்க மறந்ததாக எழுதியிருந்தும் நான் வந்தது அவரைக் குற்றம் பிடிக்க அல்ல. இறுகின பிஸ்டனை விடுவிக்கலாம், பார்ப்போம் என்றுதான் வந்தேன். ஸ்டேஷனில் இறங்கியதும், “வராதீங்கன்னு எழுதினேனே மாப்பிள்ளை” என்றார். “சோறு தின்னவாவது வரக்கூடாதா மச்சான்” என்றேன். சிரிக்கவில்லை. நான் கம்பியை வெட்டும்போது தடுக்கவும் இல்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டார்.

சந்தோஷமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் பிழைக்கும். பொறி தரும் மேக்னெட்டோ நன்றாக இருக்கிறது. பிஸ்டன் ரிங் இரண்டு புதிதாகப் போட வேண்டும். கிள்ளானில் பட்டறையில் வார்த்துத் தருகிறார்கள். பதினைந்து நாள் வேலை.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எண்ணெயே இல்லாமல் ஓடின சிலிண்டர் கோடு கோடாகக் கீறியிருக்கும். இதில் ஒரு கீறல்கூட இல்லை. பிஸ்டனைச் சுற்றிப் பழுப்பாக, பலாப்பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. அடுப்பில் வைத்துச் சூடாக்கினேன். இளகி வந்தபோது ஒரு மணம் வந்தது பார், சிக்கேறின தேங்காயெண்ணெய், அதில் வெற்றிலையும் மிளகும் போட்டுக் காய்ச்சின மாதிரி. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையை விட்டுப் போகவில்லை. எண்ணெய்க் குளியல் அன்றைக்குப் பாக்கியத்தைத் தூக்கினது போலவே இருக்கிறது.

ஆக, யாரோ எண்ணெய் கலந்துதான் இருக்கிறார்கள். தப்பான எண்ணெய். அதைப் போட்டால் ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடும், சூடு ஏற ஏறப் பிசினாகி நின்றுவிடும். இதை மச்சானிடம் சொன்னேன். எழுந்து கோழிக்கூட்டுப் பக்கம் போனவர் இருட்டும்வரை வரவில்லை. எண்ணெய் மாற்றிப் போட்டவர், போடவே இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்? உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

இன்னொன்றும் பார்த்தேன். ஸ்பார்க் பிளக் கையால் திருகினபடி தளர்வாக இருந்தது. மாமா அந்தத் தண்ணீரிலும் அதைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். கடைசிவரை வேலை தெரிந்த மனிதர்.

பாகங்களோடு வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன். குழந்தையைப் பார்த்துக்கொள்.

ரபேல்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
13 நவம்பர் 1932

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தை நேரமாகிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டுத் தொடங்குவது என் பழக்கம். இன்றும் மணி இரண்டு. இன்று எதற்கென்று மன்னிப்புக் கேட்பது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

இவருடைய கடிதத்தை வாசித்தபோது பாக்கியம் என் மடியில் இருந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்திருந்தேன். அந்த வரிக்கு வந்ததும் அவளைத் தரையில் இறக்கிவிட்டுக் கையை முகர்ந்து பார்த்தேன்.

வெற்றிலையும் மிளகும் போட்டு அந்த எண்ணெயைக் காய்ச்சச் சொன்னவள் நான். அப்பாவின் காலி டின்னைச் சோடாவும் சுடுதண்ணீரும் ஊற்றிக் கழுவி, அதில் ஊற்றி, அடுப்படிப் பலகையில் வைத்தவள் நான். கரி படும் என்று அண்ணி நகர்த்தப்போனபோது, “அங்கேயே இருக்கட்டும் அண்ணி, எனக்குக் கைக்கு எட்டணும்” என்றேன். அதே பலகையில்தான் அப்பா தன்னுடைய சிவப்பு டின்னையும் வைப்பார்.

அன்று விடியுமுன் மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா உள்ளறைக்கு வந்து பாக்கியத்தைத் தூக்கினார். முதல் நாள் மாலை தேய்த்த எண்ணெய் அவள் உடம்பில் அப்படியே இருந்தது. ஒன்பது நாள் பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தி, “இது என்னடா, வழுக்கி விழுந்துரும் போலிருக்கு, கெண்டை மீனு மாதிரி” என்று சிரித்தார். அவளை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனவர், “லேனா, அந்த எண்ணெ டின்ன எடும்மா, செருப்ப மாட்டிட்டேன்” என்றார். நீங்கள் அப்போது வீட்டில் இல்லை. முதல் நாள் சண்டை முடிந்ததும் சாப்பிடாமல் வார்ஃபுக்கு இரவு வேலைக்குப் போய்விட்டீர்கள். நான் பிள்ளையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, இருட்டில் பலகையைத் தடவி, கைக்கு எட்டின டின்னை எடுத்துக் கொடுத்தேன். விளக்கு ஏற்றவில்லை. அப்பா அதை அளந்து ஊற்றியிருப்பார். மணம் வந்திருக்கும். தன் கையில் இருந்த பிள்ளை எண்ணெயின் மணம் என்று நினைத்திருப்பார்.

மாலையிலேயே பெட்ரோல் ஊற்றியதாக நீங்கள் எழுதினதை நான் எப்படி நம்பினேன்? அப்பா என்றைக்காவது இன்னொருவரைக் கலக்க விட்டிருக்கிறாரா? உங்களைச் சந்தேகப்பட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அதனால் அது கண்ணில் படவில்லை.

படகு வந்த அன்றே நீங்கள் டேங்கைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள். அடுப்படிக்கு வந்து எஞ்சின் எண்ணெய் டின் நிரம்பியபடி இருப்பதையும் பார்த்திருக்கிறீர்கள். நான் அதைப் பிள்ளைக்குத் தேய்த்துவிடாமல் எடுத்து மறைத்ததும் நீங்கள்தான். என் எண்ணெய் காணோம் என்று நான் அண்ணியை ஏசியபோது நீங்கள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

அந்த ஸ்பார்க் பிளக்கைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை, அண்ணா. அப்பா அதைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். சூடான பிளக்கில் அந்த மணம் இருந்திருக்கும். அந்தத் தண்ணீருக்கு நடுவில் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தபோது என்ன நினைத்தார் என்று நீங்களும் இரண்டு வருடமாக யோசித்திருப்பீர்கள். உங்களுக்கு ஏதாவது விடை கிடைத்திருந்தால் எனக்கும் சொல்லுங்கள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள், கோழிக் கதை வேண்டாம்.

உங்களுக்கு நான் எழுதிய அக்டோபர் கடிதத்தை எரித்துவிடுங்கள் என்று கேட்க நினைத்தேன். வேண்டாம், இருக்கட்டும். அதை நான் எழுதினேன் என்பதும் உண்மைதானே.

இவருக்குச் சொல்லிவிட்டேன். நேற்று மதியம், சோறு போட்டுவிட்டுச் சொன்னேன். பிசைந்த சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுத் தட்டிலேயே கை கழுவினார். பிறகு, “இதுக்குத்தான் மச்சான் கம்பி போட்டுக் கட்டினாரா” என்றார். எழுந்துபோய்ப் பிஸ்டனைச் சுற்றிவைத்த துணியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தார். “மோட்டாரைச் செய்யறதா வேணாமா, நீயும் உங்க அண்ணனும் சொல்லுங்க. செய்யச் சொன்னா செய்யறேன். வேணாம்னா கப்பலுக்குப் பேர் கொடுத்துட்டு வரேன். உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்” என்றார்.

நான் யோசித்துவிட்டேன். செய்யட்டும் என்கிறேன். அப்பாவைக் கொன்ற மோட்டார் என்று இதுவரை அதைப் பார்த்துப் பயந்தேன். அது ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனால் நான் மட்டும் சொல்ல முடியாது. உங்கள் வாசலைத் தாண்டித்தான் அந்தப் படகு தினமும் போகும். அந்தச் சத்தம் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை உங்கள் காதில் விழும். இரண்டு வருடம் என்னைக் கேட்காமல் எனக்காகச் சுமந்தீர்கள். இதை உங்களைக் கேட்காமல் செய்ய மாட்டேன். முடியாது என்று எழுதினால் கப்பல் ஏறுகிறோம், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

அண்ணியிடம், அந்த எண்ணெய்க்காக ஏசியதற்கு நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். மற்றதைச் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

முப்பதாம் தேதி கடைசி நாள். ரிங் வார்த்துத் தரப் பட்டறைக்காரனுக்குப் பத்து நாள் வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

தங்கை
மகதலேனா